மட்டாஞ்சேரி மிளகும் கடவுச்சொல் மாற்றமும்

கொச்சி மட்டாஞ்சேரியின் யூதர் தெருவில், 1957-இல் நிறுவப்பெற்ற இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வர்த்தகச் சங்கத்தின் கூடத்தில், மிளகின் முன்பேர வாணிகம் பல்லாண்டுகள் கூவி விலை கூறும் முறையிலேயே நடைபெற்றது. விலை கூறுபவர் இன்னார் என்பதை ஏனையோர் முகத்தாலும் குரலாலும் அறிந்தனர். 2000-ஆம் ஆண்டுக்குப் பின் அவ்வாணிகம் கணினித் திரைக்கு மாறியது. திரை முகத்தை அறியாது. பயனர் பெயரும் கடவுச்சொல்லுமே அங்கு அடையாளம்.

வாணிகர்க்கு மட்டுமன்றி, வருகைப் பதிவையும் மதிப்பெண்களையும் கணினியில் ஏற்றும் ஆசிரியர்க்கும் களப்பணியாளர்க்கும் இன்று இதுவே நிலை. பல அலுவலகங்கள் தொடக்கத்தில் தாமே எழுதிய சிறு நிரலைக்கொண்டு கடவுச்சொல்லைச் சரிபார்த்தன. அந்நிரல் காலத்துக்கு ஒவ்வாததாகும்போது, ஜாங்கோ போன்ற சட்டகமொன்றில் உள்ளமைந்த சரிபார்ப்பு முறைக்கு மாறுகின்றன. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்துச் செய்தித்தாள் அலுவலகம் ஒன்றில் உருவாகி, 2005-இல் பொதுவில் வெளியிடப்பெற்றது ஜாங்கோ. பழைய பயனர்கள் வெளியே நிறுத்தப்படாமல் இம்மாற்றம் நிகழ வேண்டும்.

இதிலுள்ள இடர்ப்பாடு யாதெனில், ஏட்டில் கடவுச்சொல் இருப்பதில்லை. அதனை ஒருவழிக் கணிதத்தால் அரைத்தெடுத்த ‘ஹாஷ்’ என்னும் எழுத்துக்கோவையே இருக்கும். மிளகுப் பொடியிலிருந்து மிளகைத் திரும்பப் பெறுதல் இயலாததுபோல், ஹாஷிலிருந்து கடவுச்சொல்லைப் பெறுதல் இயலாது. ஆயினும், ஒரே சொல்லை அரைத்தால் எப்போதும் ஒரே பொடியே கிடைக்கும். ஆகவே திருடுவோர் சொற்களை ஒவ்வொன்றாக அரைத்து ஒப்பிட்டுப் பார்ப்பர். 2012-இல் லிங்க்டின் நிறுவனத்தின் சுமார் 65 இலட்சம் ஹாஷ்கள் வெளியாயின. அவற்றில் பல விரைவில் உடைபட்டமைக்குக் காரணம், அவை ‘உப்பு’ இடப்படாதவை என்பதே.

உப்பு என்பது ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியே சேர்க்கப்படும் தற்செயல் எழுத்துக்கோவை. அது சேர்ந்தால் இருவரின் கடவுச்சொல் ஒன்றாயினும் ஹாஷ் வேறாகும். (ஏட்டுக்கு வெளியே மறைத்து வைக்கும் மற்றொரு சேர்க்கைக்கு இத்துறையினர் ‘மிளகு’ என்றே பெயரிட்டுள்ளனர்.) உப்பிட்டதோடு நில்லாமல், ஜாங்கோ பன்முறையும் அரைக்கின்றது. 2012-இல் வந்த 1.4 பதிப்பில் 10,000 முறை. 2025-இல் வந்த 5.2 பதிப்பில் 10,00,000 முறை. நுழைபவருக்கு இது நொடிப்பொழுதின் சிறு பகுதி. கோடிக்கணக்கான சொற்களைச் சோதிக்கும் திருடனுக்கோ பெருஞ்சுமை.

பழைய ஏட்டில் உப்பில்லாத எம்.டி.5 ஹாஷ்கள் உள்ளன எனக் கொள்வோம். பயனர் எவரையும் கேளாமலே, அந்த ஹாஷையே கடவுச்சொல்லாகக் கருதி, உப்பிட்டுப் புதிய முறையில் மீண்டும் அரைக்கலாம். பயனர் அடுத்தமுறை நுழையும்போது, அவர் தரும் சொல் முதலில் எம்.டி.5 முறையிலும் பின்னர் புதிய முறையிலும் அரைக்கப்பட்டு ஒப்பிடப்பெறும். பொருந்தினால், சொல்லே கைக்கு வந்துவிட்டமையால், ஜாங்கோ அதனை நேரே புதிய முறையில் அரைத்து எழுதிக்கொள்ளும். பயனர் இம்மாற்றத்தை உணரவும் மாட்டார்.

நடைமுறையில் இடறுவது பெரும்பாலும் கணிதம் அன்று, பெயரே. பழைய நிரல் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகக் கொண்டிருக்கலாம். ஜாங்கோ பொதுவாக வேறாகக் கொள்ளும். தமிழெழுத்தில் இல்லாத இத்தொல்லையால் நுழைய இயலாத ஆசிரியர், தம் கடவுச்சொல்லே தவறென எண்ணி மீண்டும் மீண்டும் முயல்வார்.

மற்றொரு கண்ணியும் உண்டு. ஹாஷ் கிடைக்காத கணக்குகளைச் சிலர் ‘பயன்படாக் கடவுச்சொல்’ என்று குறித்துவிட்டு, பயனர் மீட்பு மின்னஞ்சல் வழியே வந்துவிடுவார் என நம்புகின்றனர். அவ்வாறு குறிக்கப்பட்டோர்க்கு ஜாங்கோவின் இயல்பான மீட்பு முறை அஞ்சலே அனுப்பாது, பிழைச்செய்தியும் காட்டாது. அத்தகையோர்க்கு எவரும் அறியாத தற்செயல் சொல் ஒன்றை அரைத்து வைத்தலே பொருத்தம்.

மாற்றம் முடிந்தபின் பழைய ஏடு அழிக்கப்படும். அதன் காப்புப் பிரதிகளோ அலமாரியிலுள்ள வட்டுகளில் தங்கிவிடுகின்றன; உப்பிடாத ஹாஷ்கள் அவற்றில் அப்படியே உள்ளன. அவற்றையும் தேடி அழித்த பின்னரே வேலை முடியும்.