அம்பாசடரில் துரு: பட்டி பூசினால் போதுமா?

தாத்தாவின் அம்பாசடர் திருப்புறம் வீட்டு ஷெட்டில் நிற்கிறதா? பூவாறு கடற்கரை பக்கத்திலேயே இருக்கு. உப்புக் காற்று, வருஷத்துக்கு ரெண்டு பருவமழை. துருவுக்கு வேறென்ன வேணும்?

2014 வரை தயாரான இந்த வண்டிக்கு லாரி மாதிரி தனிச் சேசிஸ் கிடையாது. எடையைத் தாங்குவதே பாடிதான். அதனால் தரைத் தகட்டிலோ, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதியிலோ வரும் துரு வெறும் அழகுப் பிரச்சினை இல்லை.

அங்கே ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்க. உள்ளே இறங்கினால், பட்டி பூசுவது ஏமாற்று வேலை. பட்டி எடை தாங்காது, ஓட்டையை மறைக்கும், அவ்வளவுதான். நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யணும். வெட்டும் முன் கதவுச் சட்டத்துக்குள் குறுக்கே கம்பி முட்டுக் கொடுக்கலைன்னா பாடி தொய்யும். அப்புறம் கதவு மூடாது. பேட்டரி, பெட்ரோல் டேங்க் கழற்றாமல் வெல்டிங் வேண்டவே வேண்டாம். இதை அனுபவமுள்ள டிங்கரிங் ஆளிடம் விடுவதே நல்லது.

மேல்துரு மட்டும்தான்னா நீங்களே பார்க்கலாம்: கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, அன்றே பிரைமர்.

சேசிஸே இல்லாத வண்டிக்கும் சேசிஸ் எண் உண்டு! அது பொறித்த இடத்தில் கிரைண்டர் படக்கூடாது. 15 வருஷம் தாண்டிய வண்டியின் பதிவைப் புதுப்பிக்கும் சோதனையில் அந்த எண் தெளிவாகத் தெரிந்தாகணும்.