இரவல் எண்ணிக்கையும் வாசக நாட்டமும்: வரைகலைப் புதினங்களின் செல்வாக்கைப் பொதுநூலகம் அறியும் முறை

ஆய்வுச் சுருக்கம்

வரைகலைப் புதினங்களுக்கு வாசகரிடையே உள்ள செல்வாக்கை விற்பனைப் பட்டியல்களைக் கொண்டோ மொத்த இரவல் எண்ணிக்கையைக் கொண்டோ மதிப்பிடுவது பொதுநூலகங்களில் காணப்படும் வழக்கம். இவ்விரண்டும் வாசக நாட்டத்தை நேரடியாகக் காட்டுவன அல்ல. அமெரிக்கப் பொதுநூலகச் சூழலை முதன்மைக் களமாகக் கொண்டு, அவ்வெண்கள் உருவாகும் விதத்தையும், அவற்றைத் திருத்திப் படித்து நூற்பரிந்துரைக்குப் பயன்படுத்தும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: வரைகலைப் புதினம், பொதுநூலகம், இரவல் எண்ணிக்கை, முன்பதிவு, வாசகர் வழிகாட்டல்.

முன்னுரை

எஸ்.ஆர். அரங்கநாதன் 1931ஆம் ஆண்டு சென்னையில் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் இரண்டாவது விதி வாசகர் பக்கம் நின்று பேசுகிறது. மூன்றாவது விதி நூலின் பக்கம் நின்று பேசுகிறது. மேலோட்டமாகப் பார்ப்பின் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். நடைமுறையில் அவை நூலகரை எதிரெதிர்த் திசைகளில் இழுக்கின்றன. பலர் கேட்டுக் காத்திருக்கும் நூலுக்கு மேலும் படிகள் வாங்குவது இரண்டாவது விதிக்கு இசைந்த செயல். எவரும் கேளாமல் அலமாரியில் கிடக்கும் நல்ல நூலை அதற்கேற்ற ஒருவர் கையில் சேர்ப்பது மூன்றாவது விதியின் கோரிக்கை. பணமும் இடமும் அளவோடு இருக்கும் நூலகத்தில் ஒன்றைச் செய்தால் மற்றொன்று குறையும்.

வரைகலைப் புதினங்களில் இந்த இழுபறி மிகுதி. தொடர்களாக வருவதால் அவை இடத்தை விரைவில் அடைத்துக்கொள்கின்றன. கைமாறிக் கைமாறி விரைவில் கிழிகின்றன. இவ்வகை நூல்களைப் படித்துப் பழகாத நூலகர், எதை வாங்குவது, எதை நீக்குவது, யாருக்கு எதைப் பரிந்துரைப்பது என்னும் வினாக்களுக்கு எண்களையே நம்ப வேண்டியவராகிறார். எண் தவறாகப் படிக்கப்பட்டால் ஒரு தொடரின் நடுத்தொகுதி கழிவுப் பெட்டிக்குப் போகும்; அத்தொடரைத் தேடி வந்த சிறுவன் மறுமுறை வராமலும் போகலாம்.

சொல்லும் பொருளும்

தமிழில் இவ்வகை நூல்களைக் குறிக்கச் சித்திரக்கதை, படக்கதை, வரைகதை எனப் பல சொற்கள் வழங்குகின்றன. 1972இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸும் 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் ‘காமிக்ஸ்’ என்னும் சொல்லையே வாசகர் நாவில் நிலைபெறச் செய்தன. ‘கிராஃபிக் நாவல்’ என்னும் ஆங்கில வழக்கு வில் ஐஸ்னரின் 1978ஆம் ஆண்டு நூலுக்குப் பின் பரவலாயிற்று. இக்கட்டுரை அதனை வரைகலைப் புதினம் என்று குறிக்கிறது. புதினம் என்னும் சொல் இங்குச் சற்றுப் பொருந்தாமலே நிற்கிறது. ஏனெனில் இப்பெயரின்கீழ் வருவனவற்றுள் தன்வரலாறுகளும் போர்க்களச் செய்தியறிக்கைகளும் உண்டு. ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மௌஸ்’ நாட்சி வதைமுகாமிலிருந்து பிழைத்த தந்தையின் வரலாறு. அமெரிக்கக் குடியுரிமைப் போராட்டத் தலைவர் ஜான் லூயிஸின் வாழ்க்கையைக் கூறும் ‘மார்ச்’ மூன்று தொகுதிகளில் அமைந்தது. அதன் மூன்றாம் தொகுதி 2016இல் அந்நாட்டின் தேசிய நூல் விருதைப் பெற்றது. டேவ் பில்கியின் ‘டாக் மேன்’ சிறார் நகைச்சுவை. இம்மூன்றையும் ஒரே அலமாரியில் வைத்து ‘வரைகலைப் புதினத்தின் செல்வாக்கு’ என்று ஒற்றை எண்ணால் பேசுவது, உரைநடையின் செல்வாக்கு இவ்வளவு என்று பேசுவதற்கு ஒப்பாகும்.

விற்பனைப் பட்டியல்கள்

நூலகர் முதலில் நாடுவது விற்பனைப் பட்டியல். நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 2009 மார்ச்சில் வரைகலை நூல்களுக்கெனத் தனிப்பட்டியல் வெளியிடத் தொடங்கியது. 2017இன் தொடக்கத்தில் அதனை நிறுத்தியது. 2019 அக்டோபரில் மாதப் பட்டியலாக மீண்டும் கொணர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் வாசகர் படிப்பதை நிறுத்திவிடவில்லை. பட்டியலையே அளவுகோலாகக் கொண்ட நூலகத்திற்கோ அந்த இடைவெளியில் சான்று இல்லாமற் போயிற்று. அளவுகோல் பிறர் கையில் இருப்பதன் இடர் இது.

வேறு பட்டியல்களும் உள்ளன. அவை எண்ணும் பொருளே வேறு. அமெரிக்காவில் வரைகதைகளுக்கென உள்ள தனிக்கடைகள், விற்காதவற்றைத் திருப்பி அனுப்ப இயலாத முறையில் சரக்கு வாங்குபவை. 1990களின் இறுதி முதல் 2020 வரை அக்கடைகளுக்கான வழங்கலைப் பெரும்பாலும் டயமண்ட் என்னும் ஒரே நிறுவனம் கையாண்டது. அது வெளியிட்ட தரவரிசை கடைகளுக்கு அனுப்பப்பட்ட படிகளைக் காட்டியது. கடைக்காரர் வாங்கியது வாசகர் கைக்குப் போயிற்றா, பின்னறையில் அடுக்கப்பட்டுக் கிடந்ததா என்பதை அதிலிருந்து அறிய முடியாது. புத்தகக் கடைகளின் விற்பனைச் சீட்டுகளிலிருந்து எண் திரட்டும் புக்ஸ்கேன் முறை இவ்வகையில் மேலானது. ஆயின் நூலகங்கள் வாங்கும் படிகள் அதன் கணக்கில் சேர்வதில்லை. மேலும், வாங்குபவர் வேறு, இரவல் பெறுபவர் வேறு. சேர்த்துவைக்கத் தக்க அழகிய பதிப்பை ஒருவர் விலைகொடுத்து வாங்குவார்; ஒருமுறை படித்தாற் போதும் என்னும் நீள்தொடரை நூலகத்தில் இரவல் பெறுவார். ஆகவே விற்பனையில் கீழே இருக்கும் நூல் இரவலில் மேலே இருப்பதில் வியப்பில்லை.

திடீர் எழுச்சிகளையும் கருதவேண்டும். 2022 ஜனவரியில் டென்னசி மாநிலத்தின் மெக்மின் மாவட்டக் கல்விக்குழு ‘மௌஸ்’ நூலை எட்டாம் வகுப்புப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. செய்தி பரவியதும் அந்நூல் விற்பனைப் பட்டியல்களின் உச்சிக்குச் சென்றது. இத்தகைய எழுச்சியைக் கண்டு படிகளை வாங்கிக் குவிப்பதா, சில திங்கள் பொறுப்பதா என்பதற்கு விற்பனை எண் விடை தராது. நூலகத்தின் முன்பதிவு வரிசையே தரும்.

இரவல் எண்ணிக்கையின் உச்சவரம்பு

நூலகத்தின் சொந்த எண்களே நம்பத்தக்கவை என்பர். அவ்வெண்களுக்கும் ஓர் இயல்பான தடை உண்டு. இரவல் காலம் 14 நாள் என்றும், வாசகர் ஒவ்வொருவரும் அக்காலம் முழுதும் நூலை வைத்திருக்கிறார் என்றும் கொள்வோம். ஒரு படி ஓராண்டில் 26 முறைக்கு மேல் வெளியே செல்ல இயலாது. ஒரு நூலுக்கு ஒரே படி. அது 24 முறை சென்றிருக்கிறது. மற்றொன்றுக்கு நான்கு படிகள். அவை மொத்தம் 48 முறை சென்றிருக்கின்றன. மொத்த எண்ணை நோக்கும் அறிக்கை இரண்டாவதை முன்னிறுத்தும். படிவீதம் கணக்கிட்டால் அது 12; முதலாவது 24. முதலாவது நூல் ஏறத்தாழ ஆண்டு முழுதும் அலமாரிக்கே வரவில்லை. அதன் எண் மேலும் உயராததற்குக் காரணம் விருப்பக் குறைவன்று, படி இல்லாமையே. நூலகம் வாங்காததால் எழாத எண்ணை, வாசகர் விரும்பாததால் எழாத எண்ணாகக் கொள்வது அறிக்கைகளில் மிக எளிதாக நேரும் பிழை. படிவீத இரவலோடு முன்பதிவுகளின் எண்ணிக்கையையும் சேர்த்துப் படித்தால்தான் மறைந்துள்ள தேவை வெளிப்படும்.

வரைகலைப் புதினத்தில் மற்றொரு சிக்கலும் உண்டு. ஒரு மாங்கா தொகுதியை ஒரே அமர்வில் படித்து மறுநாளே திருப்பித் தரலாம். பெரும் உரைநடைப் புதினம் இரவல் காலம் முழுதும் வாசகரிடம் தங்கும். எனவே முன்னதன் இரவல் எண் இயல்பாகவே பெரிதாகும். அதே காரணத்தால், நூலகத்திலேயே அமர்ந்து படித்துவிட்டு மேசைமேல் விட்டுச் செல்வோரும் மிகுதி. அவ்வாசிப்பு எந்தக் கணக்கிலும் ஏறாது. இரண்டு பிழைகளும் எதிர்த்திசைகளில் செயல்படுவதால் ஒன்றை ஒன்று ஈடுசெய்துவிடும் என்று கருத இடமில்லை. மேசைமேல் கிடக்கும் நூல்களை அலமாரியில் அடுக்குமுன் பட்டைக்குறியை வருடி ‘உள்வாசிப்பு’ எனத் தனியே பதிவு செய்யும் நூலகங்கள் உள்ளன. செலவில்லாத இச்சிறு பழக்கம் பல விலையுயர்ந்த மென்பொருள்களைவிடப் பயன்தரும்.

மின்னூல்களின் எண்ணை அச்சுப்படிகளின் எண்ணோடு கூட்டலாகாது. ஹூப்லா போன்ற சேவைகளில் ஒவ்வோர் இரவலுக்கும் நூலகம் கட்டணம் செலுத்துகிறது. ஒரே நேரத்தில் எத்தனை பேரும் ஒரு நூலைப் பெறலாம். அங்குப் படியால் வரும் உச்சவரம்பு இல்லை.

இத்தகைய எண்களை நீண்டகால அளவில் காண விழைவோர்க்குச் சியாட்டில் பொதுநூலகம் நல்ல களம். தலைப்புவாரியாக ஒவ்வொரு மாதமும் எத்தனை இரவல் என்னும் தரவை 2005 ஏப்ரல் முதல் அது பொதுவெளியில் வைத்துள்ளது. அச்சும் மின்னும் தனித்தனியே காட்டப்பட்டுள்ளன. பழைய ஆண்டுகளின் அச்சுநூல் தரவு எஞ்சியது ஒரு கலைப்படைப்பினால் என்பது சுவையான செய்தி. நூலகத்தின் இரவல் ஓட்டத்தைத் திரையில் காட்டுவதற்காக ஜார்ஜ் லெக்ராடி என்னும் கலைஞர் அமைத்த காட்சிப்படைப்பின் சேமிப்பிலிருந்தே அது பெறப்பட்டது.

தொடரும் தொகுதியும்

‘நருட்டோ’ 72 தொகுதிகள் கொண்டது. அத்தனை தொகுதிகளின் இரவலையும் கூட்டினால் எந்தத் தனிநூலும் அதனோடு போட்டியிட இயலாது. தொகுதிவாரியாகப் பிரித்தாலோ ஒவ்வொன்றும் சிறிய எண்ணாகத் தேய்ந்து நீக்கற்பட்டியலில் இடம்பெறும். இரண்டும் பயனில்லாத கணக்குகள். தொடரில் நோக்கவேண்டியது, முதல் தொகுதியை எடுத்தோருள் எவ்வளவு பேர் அடுத்தவற்றுக்குச் செல்கின்றனர் என்பதே.

எடுத்துக்காட்டுக்காக இரு தொடர்களைக் கொள்வோம். ஒன்றன் முதல் நான்கு தொகுதிகள் முறையே 40, 30, 27, 26 முறை இரவல் சென்றுள்ளன. மற்றொன்றன் தொகுதிகள் 60, 18, 9, 5 முறை சென்றுள்ளன. முதல் தொகுதியை மட்டும் பார்த்தால் இரண்டாவது தொடரே செல்வாக்குடையது. ஆனால் அதனை எடுத்தவர்கள் நிலைக்கவில்லை. விளம்பரமோ திரைப்படமோ அவர்களை அழைத்து வந்திருக்கலாம். புதிய வாசகர் ஒருவருக்கு நம்பிப் பரிந்துரைக்கத் தக்கது முதல் தொடர். இவ்வீழ்ச்சியைப் படிக்கும்போது ஒரு முன்சோதனை இன்றியமையாதது. ஐந்தாம் தொகுதி தொலைந்து போயிருந்தால் ஆறாம் தொகுதியிலிருந்து எண்கள் சரியும். அது தொடரின் குறை அன்று, நூலகத்தின் குறை.

வகைப்பாடும் பதிப்பும்

டூயி தசமப் பகுப்பு முறையில் வரைகலைப் புதினங்களுக்குரிய எண் 741.5. இவ்வெண்ணின்கீழ் உள்ள நூல்களின் இரவலைத் திரட்டினால் போதும் என்று தோன்றும். ஆனால் ‘மௌஸ்’ பல நூலகங்களில் இரண்டாம் உலகப்போர் வரலாற்றுக்குரிய 940.53 வரிசையில் உள்ளது. ஆகவே மிகுதியாகப் பேசப்படும் நூலே கணக்கிலிருந்து விடுபட்டுப் போகும். மேலும், ‘மௌஸ்’ 1986, 1991 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாகவும், பின்னர் ஒரே நூலாகவும் வந்தது. மூன்றுக்கும் மூன்று பதிவுகள், மூன்று எண்கள். சுவடிப் பதிப்பில் ஒரு பனுவலின் பல படிகளை ஒருங்குவைத்து நோக்கும் தமிழாய்வாளர்க்கு இச்சிக்கல் புதிதன்று. படைப்பு வேறு, அதன் பதிப்பு வேறு என்னும் தெளிவோடு பதிவுகளை இணைத்த பின்னரே எண்ணத் தொடங்க வேண்டும்.

எண்ணிலிருந்து பரிந்துரைக்கு

‘இதனை எடுத்தோர் இவற்றையும் எடுத்தனர்’ என்னும் பட்டியல் எளிதில் கிடைப்பது, ஏமாற்றுவதும் அதுவே. ‘மௌஸ்’ எடுத்த 200 பேருள் 60 பேர் ‘டாக் மேன்’ நூலையும் எடுத்திருப்பதாகக் கொள்வோம். ஜோ சாக்கோவின் ‘பாலஸ்தீன்’ நூலை எடுத்தவர் 16 பேர். எண்வரிசையில் ‘டாக் மேன்’ முதலில் வரும். ஆனால் அந்நூலகத்தின் மொத்த வாசகருள் 35 விழுக்காட்டினர் ‘டாக் மேன்’ எடுப்பவர்கள் எனில், ‘மௌஸ்’ வாசகரிடையே அது 30 விழுக்காடே, பொதுநிலையைவிடக் குறைவு. ‘பாலஸ்தீன்’ மொத்த வாசகரிடையே 1 விழுக்காடு, ‘மௌஸ்’ வாசகரிடையே 8 விழுக்காடு, எட்டு மடங்கு. பரிந்துரைக்க வேண்டியது எட்டு மடங்கினது. இவ்வகுத்தலைச் செய்யாத முறை, எவர் வந்தாலும் அதே பத்து நூல்களை நீட்டும். நீட்டியதால் அவை மேலும் இரவல் போகும். போனதால் மறுமுறையும் முன்னிற்கும். ஒன்றிரண்டு பேரே எடுத்த நூலுக்கு இம்மடங்கு தற்செயலாகப் பெருகிவிடும் என்பதால் ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கையையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

இக்கணக்குக்கு, யார் எவ்வெவற்றை எடுத்தார் என்னும் பதிவு தேவை. அங்குத்தான் நூலகத்தின் அறம் குறுக்கே நிற்கிறது, நிற்பதும் நன்றே. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் நூலகப் பதிவுகளின் மறைபொருள் தன்மையைக் காக்கும் சட்டங்கள் உள்ளன. 2001ஆம் ஆண்டின் தேசப்பற்றுச் சட்டம் அரசுக்கு அப்பதிவுகளைக் கோரும் அதிகாரத்தை விரித்த பின்னர், நூல் திரும்பியதும் வாசகர் பெயரோடு உள்ள தொடர்பை அழிக்கும் வழக்கம் வலுப்பெற்றது. சியாட்டில் தரவிலும் தலைப்புகள் உண்டு, வாசகர் இல்லை. தம் பதிவைச் சேமிக்க விரும்பி இசைந்தோரின் தரவை மட்டும் பயன்படுத்துவதே முறை.

எஞ்சியதை நூலகரின் வாசிப்பறிவு நிரப்ப வேண்டும். ஜாய்ஸ் சாரிக்ஸ், நான்சி பிரவுன் ஆகியோர் 1989இல் வெளியிட்ட வாசகர் வழிகாட்டல் நூல், பொருளைக் காட்டிலும் நடையின் வேகம், மாந்தர் படைப்பு போன்ற ஈர்ப்புக் கூறுகளை முன்வைத்தது. வரைகலைப் புதினத்திற்கு இவற்றோடு கோட்டின் தன்மை, வண்ணம், பக்கத்திலுள்ள கட்டங்களின் நெருக்கம், வலமிருந்து இடமாகப் படிக்கும் முறை ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். ரெய்னா டெல்கெமியரின் ‘ஸ்மைல்’ படித்து மகிழ்ந்த சிறுமிக்குப் பல் மருத்துவக் கதை வேண்டியதில்லை. பள்ளிப் பருவத்தின் கூச்சத்தை வண்ணப்படங்களில் நகைச்சுவையோடு கூறும் சீசி பெல்லின் ‘எல் டெஃபோ’, விக்டோரியா ஜேமிசனின் ‘ரோலர் கேர்ள்’ ஆகியவையே அவளுக்கு ஏற்றவை. இப்பொருத்தத்தைப் பொருட்தலைப்புகள் காட்டா.

இரவலே போகாத நூல்களை நீக்குமுன் ஒன்று நோக்கத்தக்கது. இந்நூல்களுள் பலவற்றின் முதுகு மெல்லியது; ஈர்ப்பு முழுதும் முன்னட்டைப் படத்தில் உள்ளது. முதுகு மட்டும் தெரிய நெருக்கி அடுக்கப்பட்ட நூல் இரவல் போகாமைக்கு அதனைக் கண்டவர் இல்லாமையே காரணமாகலாம். அத்தகையவற்றைச் சில திங்கள் முன்னட்டை தெரிய வைத்து, வைத்த நாளையும் எடுத்த நாளையும் பதிவேட்டில் குறித்து, அக்காலத்து இரவலை முந்தைய அதே அளவு காலத்து இரவலோடு ஒப்பிட வேண்டும். முன்னட்டை தெரிய வைத்தும் அசையாத நூலையே, தொடரின் நடுத்தொகுதி அன்று என்பதை உறுதிசெய்துகொண்டு, நீக்கற்பட்டியலில் சேர்க்கலாம்.