திறக்க மறுக்கும் பானெட்

வீட்டுச் சாவி தொலைந்தால் பூட்டை உடைத்துவிட்டு வேறு பூட்டு வாங்கிக்கொள்ளலாம். பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பானெட் பிடித்துக்கொண்டு திறக்க மறுத்தால் அப்படிச் செய்ய முடியாது. உடைத்தால் போவது பூட்டு மட்டும் அல்ல, காரின் முகமே போய்விடும்.

மும்பை குர்லாவிலும் பைகுல்லாவிலும் காராஜ்களில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இந்தத் தலைவலி புதிதல்ல. எந்த வண்டியிலும் வரக்கூடிய தொல்லைதான். ஆனால் நாற்பது, ஐம்பது வயதான சீமைக் கார் என்றால் சங்கதியே வேறு. அதன் தகடு ஒன்று நசுங்கினால் பக்கத்துக் கடையில் மாற்றுத் தகடு கிடைக்காது. கப்பலில் வரவேண்டும். வரும்வரை கார் மூலையில் கிடக்கும். கை வைத்த மெக்கானிக்கின் பேரும் அதனுடன் கிடக்கும்.

எம்.ஜி. என்றதும் நம்மவர்க்கு வேறொருவர் நினைவு வரும். இங்கே சொல்வது 'எம்.ஜி. பி' என்ற ஆங்கிலேயக் காரை. மோரிஸ் காராஜஸ் என்ற ஆக்ஸ்போர்டு கடையின் பெயரைச் சுருக்கியதுதான் அந்த இரண்டு எழுத்து. ஆபிங்டன் என்ற சிற்றூரின் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் அதிகமாக இந்தக் கார்களைச் செய்தார்கள். 1980-லேயே அந்தத் தொழிற்சாலையையும் மூடிவிட்டார்கள். கார்கள் மட்டும் உலகெங்கும் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் அடிக்கடி பேசப்படும் கோளாறுகளில் ஒன்று, பானெட் கம்பி அறுந்துபோவது.

கம்பியும் முளையும்

வேலை நடக்கும் விதம் எளிது. பானெட்டின் முன்முனையில், உட்பக்கத்தில் ஒரு முளை தொங்குகிறது. அதைச் சுற்றி ஒரு ஸ்பிரிங். ரேடியேட்டருக்கு முன்னால் மேலே உள்ள தகட்டில் ஒரு துளை. பானெட்டை மூடும்போது முளை துளைக்குள் இறங்கும். ஸ்பிரிங் போட்ட நாக்கு ஒன்று பக்கவாட்டில் வந்து முளையின் கழுத்தைக் கவ்விக்கொள்ளும். அந்த நாக்கிலிருந்து ஒரு கம்பி, உறைக்குள் புகுந்து, காருக்குள் டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள குமிழ் வரை ஓடுகிறது. குமிழை இழுத்தால் நாக்கு விலகும், பானெட் துள்ளும். அப்படியும் முழுவதும் திறந்துவிடாது. இரண்டாவதாக ஒரு கொக்கி பிடித்துக்கொண்டிருக்கும். அதை விரலால் தள்ளிய பிறகே தூக்க முடியும்.

கைகாட்டி சிக்னல் இருந்த காலத்தில் ரயில்வேயில் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். காபினில் லீவரை இழுத்தால் தொலைவில் கை இறங்கும். நடுவில் இருப்பது வெறும் கம்பிதான். அந்தக் கம்பி அறுந்தால் சிக்னல் தானாக ஆபத்து நிலைக்குப் போய் நின்றுவிடும். வண்டி நிற்கும், உயிர் பிழைக்கும். கார் பானெட்டிலும் அதே யோசனை. கம்பி அறுந்தால் நாக்கு விலகாது, கவ்வியபடியே இருக்கும். அறுந்தவுடன் திறந்துகொள்ளும்படி செய்திருந்தால் என்ன ஆகும்? அறுபது மைல் வேகத்தில் பானெட் எழும்பி முன்கண்ணாடியை மறைக்கும். ஆகவே திறக்காத பானெட்டைக் கண்டு வைபவர்கள், அதைச் செய்தவனை வையக்கூடாது. அவன் ஓட்டுபவனை நினைத்துச் செய்தான். மெக்கானிக்கை நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

கடப்பாரை வேண்டாம்

குர்லாவில் ஒரு காராஜ். முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், முப்பது வருஷமாக இதே தொழில். ஒரு பார்சிப் பெரியவரின் சிவப்பு எம்.ஜி. வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் ஊர்வலம். அதற்கு முன் எண்ணெய் பார்க்கவேண்டும், தண்ணீர் பார்க்கவேண்டும். குமிழை இழுத்தால் கையோடு வந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன பையன் சட்டென்று ஒரு வழி சொன்னான்.

"அண்ணாச்சி, கடப்பாரையை எடுக்கட்டுமா? ஒரு நெம்பு நெம்புனா திறந்துரும்."

"திறக்கும்ல. பெறவு மூடாது."

அண்ணாச்சி சொன்னது வேடிக்கைக்கு அல்ல. தொடக்க வருஷங்களில் வந்த எம்.ஜி. பி-யின் பானெட் அலுமினியத் தகடு. பின்னாளில்தான் எஃகுக்கு மாறினார்கள். அலுமினியத்தில் நெம்புகோல் பட்டால் பப்படம் மாதிரி மடங்கும். டிங்கர் வேலை செய்து நிமிர்த்தலாம், பழைய வழவழப்பு வராது. அந்தப் பையனின் ஆறு மாதச் சம்பளம் அந்த ஒரு நெம்பில் போயிருக்கும்.

அண்ணாச்சி முதலில் செய்தது குமிழை ஆராய்ந்தது. இதை எல்லோரும் செய்யவேண்டும். குமிழ் இறுகி அசையாமல் இருந்தால் கம்பி அறுபடவில்லை. உறைக்குள் துருப்பிடித்திருக்கிறது, அல்லது முளை நாக்கில் இறுக்கமாக மாட்டியிருக்கிறது என்று பொருள். இதற்கு இரண்டு ஆள் போதும். ஒருவர் பூட்டுக்கு நேர் மேலே உள்ளங்கையை விரித்து பானெட்டைக் கீழே அழுத்தவேண்டும். அதே நேரத்தில் மற்றவர் குமிழை இழுக்கவேண்டும். அழுத்தும்போது முளையின் பாரம் நாக்கிலிருந்து விலகுகிறது, நாக்கு நகர்கிறது. பத்தில் பல தடவை இதிலேயே காரியம் முடிந்துவிடும். முஷ்டியால் குத்தக் கூடாது. உள்ளங்கைதான்.

குமிழ் கையோடு வந்து, கம்பியின் முனை உள்ளே தெரிந்தால் கொறடால் அந்த முனையைப் பிடித்து இழுக்கலாம். இழுக்கும்போது உறையும் சேர்ந்து வருகிறதா என்று கவனிக்கவேண்டும். வந்தால் உறையை ஒரு கையால் பிடித்துக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் இழுத்த இழுப்பெல்லாம் வீண்.

பார்சிப் பெரியவர் காரில் இந்த இரண்டும் இல்லை. கம்பி எந்தத் தடையும் இல்லாமல் முக்கால் முழம் வந்தது. அதாவது பூட்டுக்குப் பக்கத்திலேயே அறுந்திருக்கிறது. மும்பையின் உப்புக் காற்றில் நாலு மழைக்காலம் மூடிப்போட்டு வைத்திருந்த கார். ஒரு சொட்டு எண்ணெய் கண்டதில்லை அந்தக் கம்பி. துரு தின்றதுபோக மிச்சம் இருந்ததை அவசரக் கை ஒன்று இழுத்து முடித்துவிட்டது.

கீழிருந்து ஒரு வழி

இனி ஒரே வழி, அடியில் போவது. என்ஜின் நன்றாக ஆறியிருக்கவேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால்தான் கை போகப்போகிறது, அங்கேயே எண்ணெய் குளிர்விக்கும் பெட்டியும் இருக்கும். பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, இரும்புத் தாங்கிகளில் உட்காரவைத்தார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் நுழைவது தற்கொலைக்குச் சமம். இதை எத்தனை தடவை எழுதினாலும் தகும். அவசரத்தில் செங்கல்லை அடுக்கி நுழைகிறவர்கள் உண்டு. செங்கல் சொல்லிக்கொண்டு உடையாது.

பையன் மல்லாந்து படுத்தான். கையில் ஒரு டார்ச், நுனி வளைத்த ஒரு முழ நீளக் கம்பி. முன் பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் உள்ள சந்தில் மேலே பார்த்தால் நாக்கின் ஓரம் தெரியும். கம்பி எந்தப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்ததோ அதே பக்கமாக அதைத் தள்ளவேண்டும். மேலே அண்ணாச்சியின் உள்ளங்கை.

"தெரியுதா?"

"தெரியுது அண்ணாச்சி. வழுக்குது."

"ரேடியேட்டர்ல குத்திறாத. மெள்ள தள்ளு."

ரேடியேட்டரில் குத்தினால் ஒரு வேலை இரண்டு வேலை ஆகும். மூன்று தடவை நழுவி, நாலாம் தடவை 'டக்' என்று ஓசை கேட்டது. பானெட் ஒரு விரல்கடை எழும்பியது. அண்ணாச்சி கொக்கியைத் தள்ளித் தூக்கினார். கடிகாரத்தில் முக்கால் மணி நேரம். தகட்டில் ஒரு கீறல் இல்லை. எண்ணெய்க் கோலை இழுத்துப் பார்த்தால் நுனியில் மட்டும் ஈரம்! அப்படியே ஊர்வலத்துக்கு ஓட்டியிருந்தால் என்ஜின் பாதி வழியில் கட்டிக்கொண்டிருக்கும்.

தீப்பிடித்தால்?

பானெட் திறக்காத காரை ஓட்டக்கூடாது என்பதற்கு எண்ணெய் மட்டும் காரணம் அல்ல. பெட்ரோல் கசிந்து உள்ளே தீப்பிடித்தால் அணைக்கும் கருவியைக் காட்ட இடம் இல்லை. அப்படி நேர்ந்தால் முதலில் சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தவேண்டும். எம்.ஜி. பி-யில் பெட்ரோல் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது, சாவியை அணைத்தால் பெட்ரோல் வரத்தும் நின்றுவிடும். பாட்டரி பானெட்டுக்குள் இல்லை, இருக்கைகளுக்குப் பின்னால் தரைக்குக் கீழே இருக்கிறது. எல்லோரையும் இறக்கிவிட்டுத் தள்ளி நிற்கவேண்டும். அந்த நேரத்தில் பானெட்டைத் தூக்கப் போராடுவது முட்டாள்தனம். திடீரென்று திறந்தால் காற்றுப் புகுந்து நெருப்பு முகத்தில் அடிக்கும்.

மற்ற கார்கள்

எல்லா ஸ்போர்ட்ஸ் காருக்கும் இந்தக் கம்பித் தொல்லை உண்டு என்று நினைக்கவேண்டாம். மதராஸில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை மறந்திருக்கமாட்டீர்கள். அதன் மூக்கு முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். அதே ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கித்தான் டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை இங்கிலாந்தில் செய்தார்கள். இரண்டிலும் பானெட்டின் கொக்கிகள் வெளியே, பக்கத்துக்கு ஒன்று. கம்பியும் இல்லை, அறுபடுவதும் இல்லை. துருப்பிடித்தால் எண்ணெய் விட்டுத் தட்டவேண்டும், அவ்வளவே. திருடனுக்கும் வசதி என்பது உண்மைதான்.

ஜெர்மனியின் போர்ஷ் 911-ல் என்ஜின் பின்னால் இருக்கிறது. முன்மூடிக்குள் சாமானும் பெட்ரோல் டாங்கும். பழைய மாடல்களில் இரண்டு மூடிக்கும் கம்பிதான். 2005-க்குப் பின் வந்தவற்றில் முன்மூடியை மின்சாரம் திறக்கிறது. பாட்டரியோ அந்த முன்மூடிக்குள்! பாட்டரி செத்தால் மூடி திறக்காது. மூடி திறக்காமல் பாட்டரியைத் தொட முடியாது. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டியது போல. அதற்காகவே காருக்குள் ஃபியூஸ் பெட்டியில் வெளியே இழுக்கக்கூடிய ஒரு முனை வைத்திருக்கிறார்கள். வெளிப் பாட்டரியை அதில் கொடுத்துப் பொத்தானை அமுக்கினால் மூடி திறக்கும். இதில் பாராட்ட என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. கம்பியே தேவலை.

சைக்கிள் கடைச் சரக்கு

எம்.ஜி.க்குத் திரும்புவோம். புதுக் கம்பி போட்டபின் உடனே பானெட்டை மூடிவிடக் கூடாது. திறந்த நிலையிலேயே ஸ்குரூ டிரைவரின் தண்டைத் துளைக்குள் அழுத்தி நாக்கைக் கவ்வவிட்டு, பிறகு குமிழை இழுத்துப் பார்க்கவேண்டும். விடுகிறதா என்று நாலைந்து முறை சோதித்த பிறகே மூடலாம். முளையின் நீளத்தையும் பார்க்கவேண்டும். அதன் நுனியில் ஸ்குரூ டிரைவருக்கு வெட்டு இருக்கும், மேலே பூட்டு நட்டு. முளை சரியான அளவில் இல்லாவிட்டால் நாக்கில் இறுகிக்கொள்ளும். கம்பியை உறைக்குள் நுழைக்குமுன் கிரீஸ் தடவுவது ஒரு நிமிஷ வேலை.

அத்துடன் விவரம் தெரிந்தவர்கள் இன்னொன்றும் செய்கிறார்கள். சைக்கிள் கடையில் விற்கும் பிரேக் ஒயர் ஒன்றை வாங்கி, நாக்கில் தனியாக மாட்டி, மறுமுனையில் ஒரு வளையம் போட்டு, பம்பருக்குப் பின்னால் கண்ணில் படாத இடத்தில் கட்டிவிடுகிறார்கள். முதல் கம்பி என்றைக்கு அறுந்தாலும் குனிந்து அந்த வளையத்தை இழுத்தால் போதும். கட்டும்போது ரேடியேட்டர் விசிறியிலிருந்து தள்ளிக் கட்டவேண்டும், தொங்கவும் விடக் கூடாது. வளையம் எங்கே இருக்கிறது என்பதை உரிமையாளரிடம் சொல்லிவைக்கவேண்டும். அடுத்த தடவை வேறு காராஜுக்குப் போனாலும் அவர் சொல்லிக்கொள்வார்.