12 வோல்ட்டிலும் ஆபத்து: வேரியாக் இணைக்கும் முறை

வீட்டில் மின் கருவிகள் செய்து பழகும் நம் பிள்ளைகள் பழைய வேரியாக் வாங்கி வருவதைப் பார்க்கிறோம். 230 வோல்ட்டைத் திருகித் திருகிக் குறைக்கலாம், நல்ல கருவிதான். ஆனால் பெற்றோரும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்.

சாதாரண டிரான்ஸ்பார்மரில் இரண்டு சுருள்கள் தனித்தனியாக இருக்கும். வேரியாக்கில் ஒரே சுருள். உள்ளே வரும் நியூட்ரலுக்கும் வெளியே போகும் நியூட்ரலுக்கும் ஒரே முனைதான். அதில் தவறிப்போய் பேஸைக் கொடுத்துவிட்டால், குமிழ் 12 வோல்ட்டில் இருந்தாலும் வெளிவரும் இரண்டு கம்பிகளிலும் தரையைப் பொறுத்து 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். தொட்டால் உயிரே போகலாம். இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் செருகினாலே போதும், இப்படி ஆகிவிடும். ஆகவே எர்த்துடன் மூன்று பின் பிளக் போடுங்கள். பிறகு குமிழைப் பூஜ்ஜியத்தில் வைத்து, வெளிமுனைகளில் டெஸ்டரை வையுங்கள். எரிந்தால் கம்பி மாறியிருக்கிறது.

பியூஸை வெளியே போகும் பேஸ் கம்பியிலும் போட வேண்டும். 23 வோல்ட்டில் வெளியே 40 ஆம்பியர் ஓடினாலும் உள்ளே ஏறத்தாழ 4 ஆம்பியர்தான். உள்பக்கப் பியூஸ் சும்மா இருக்கும், கார்பன் பிரஷ் கருகிவிடும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் வேரியாக் வீட்டு லைனோடு நேரடித் தொடர்பில்தான் இருக்கிறது. கருவியைத் திறந்து வேலை பார்ப்பவர்கள் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெறும் 12 வோல்ட்தான் தேவையென்றால் வேரியாக்கே வேண்டாம். கடையில் கிடைக்கும் சிறிய டிரான்ஸ்பார்மரே போதும்.