அச்சாகப் போவது எஞ்சின் அல்ல

திவெட் எனப்படும் தொழிற்பயிற்சிக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் நெருங்க நெருங்க, வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம். சென்னையின் அக்னிகுல் நிறுவனம் முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக உருவாக்கிய எஞ்சினை வைத்து 2024 மே 30 அன்று ராக்கெட்டையே பறக்கவிட்டுவிட்டது. பினாங்கின் பத்து காவானில் பூன் சியூ ஹோண்டா கட்டும் மோட்டார் சைக்கிள்களுக்கும் இனி அப்படித்தானா? பிள்ளையைக் கணினி வழி உலோகம் கடையும் சிஎன்சி படிக்க அனுப்பினால் வீணா?

அறிவிப்புகளைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். பிஎஸ்எல்வி ராக்கெட்டின் பிஎஸ்4 எஞ்சினை அச்சிட்டதில் 14 பாகங்கள் ஒன்றாயின, 19 பற்றவைப்புகள் ஒழிந்தன, மூலப்பொருளில் 97 விழுக்காடு மிச்சம் என்றது இஸ்ரோ. மிச்சமானது எடை. அச்சுக்கான உலோகத் தூள் கிலோவுக்கு என்ன விலை என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. ராக்கெட்டுக்கு ஆண்டுக்குச் சில எஞ்சின்கள் போதும். மோட்டார் சைக்கிள் ஆலைக்கு அது ஒரு மணி நேரத்துக்கே காணாது. 2020இல் போர்ஷே 911 ஜிடி2 ஆர்எஸ் காருக்காக அச்சிட்ட பிஸ்டன் 10 விழுக்காடு எடை குறைந்தது. கூடவே 30 குதிரைத்திறன் வரை கூடுதலாகக் கிடைக்கும் என்றார்கள். சாதனைதான். ஆனால் அது 700 குதிரைத்திறன் கார். கப்சாய் எனும் சிறிய மோட்டார் சைக்கிளின் விலைக்குள் அந்தப் பிஸ்டன் அடங்காது.

பினாங்கு கவனிக்க வேண்டியது எஞ்சின் பாகத்தை வார்க்கும் டையை. உருகிய அலுமினியம் ஏறத்தாழ 650 பாகை வெப்பத்தில் டைக்குள் பாய்கிறது. அது உறையக் காத்திருப்பதிலேயே கணிசமான நேரம் போய்விடும். குளிர்நீர் ஓட டையில் துளை போடுவார்கள்; டிரில் நேராகத்தான் போகும், வளையாது. மூலை முடுக்குகளுக்குத் தண்ணீர் எட்டாது. அந்த இடம் கடைசியாக உறையும். உள்ளே சுருங்கி ஓட்டை விழும், அலுமினியம் டையில் ஒட்டிக்கொள்ளும். டையின் அந்தத் துண்டை மட்டும் எஃகுத் தூளில் அச்சிட்டால், குளிர்நீர் வழியை டையின் முகப்பை ஒட்டியே, எங்கும் ஒரே ஆழத்தில் வளைத்துக் கொண்டுபோகலாம். அச்சிடும் துண்டு ஒன்றுதான். அதிலிருந்து வெளிவரும் வார்ப்புகளோ ஆயிரக்கணக்கில். அச்சின் மெதுவான வேகம் இங்கே குறையே ஆகாது. இந்தத் தொழில்நுட்பத்தில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான்.

கவலையும் இங்கேயேதான். வளைந்த வழிக்குள் உப்புப் படிந்தால் கம்பி விட்டுச் சுரண்ட முடியாது. அதன் உள்சுவர் சொரசொரப்பானது. விரிசல் அங்கேதான் தொடங்கும், கண்ணுக்கும் தெரியாது. சிடி ஸ்கேன் வேண்டும். சிறிய பட்டறைக்கு அந்தச் செலவை யார் தருவது? மானியம் பற்றிப் பேசுகிறவர்கள் அச்சு இயந்திரத்தின் விலையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

மின்வாகனம் வந்தால் டை வேலை போய்விடுமா? மோட்டார் உறையும் அலுமினிய வார்ப்புதான்.

பழைய காருக்குக் கிடைக்காத பாகத்தை அச்சிடலாமா? உறை, மூடி என்றால் முயலலாம். கனெக்டிங் ராட் வேண்டாம்.

சிஎன்சியா, முப்பரிமாண அச்சா? சிஎன்சியில் தொடங்கட்டும். அச்சிட்ட துண்டைத் தட்டிலிருந்து அறுப்பது வயர்கட், அளவுக்குக் கொண்டுவருவது மில்லிங்கும் கிரைண்டிங்கும்.