பழைய வண்ணப்பெட்டி: காட்டலாம், தீட்டக்கூடாது

பழைய நீர்வண்ணப் பெட்டிகளைச் சேகரிப்பது என் பொழுதுபோக்கு. பள்ளியில் நான் கற்பிப்பது அறிவியல். இரண்டையும் இணைக்க எண்ணி, இங்கிலாந்தில் செய்யப்பட்ட பழைய தகரப்பெட்டி ஒன்றை ஏழாம் வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். மாணவர்கள் கைமாற்றிப் பார்த்தனர். ஒரு மாணவி ஈரத் தூரிகையைப் பச்சை வண்ணத்தில் தேய்த்து, முனையைக் கூராக்க வாயருகே கொண்டுபோனாள். பாய்ந்து சென்று தடுத்தேன். தவறு அவளுடையதன்று, முன்கூட்டியே எச்சரிக்காத என்னுடையது.

நிறமிப் பொடியைப் பிசினுடன் குழைத்தால் நீர்வண்ணம். லண்டனின் ரீவ்ஸ் சகோதரர்கள் அதைக் கையடக்க வில்லைகளாகச் செய்து, 1781இல் அங்குள்ள கலைச் சங்கத்தின் பரிசைப் பெற்றனர். 1832இல் தொடங்கிய வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனம் கிளிசரின் சேர்த்து, தூரிகை பட்டதும் கரையும் ஈர வண்ணங்களை விற்றது. 1846இல் குழாய்களில் அடைத்த நீர்வண்ணமும் வந்தது. எனவே முத்திரை பதித்த கெட்டி வில்லைகள் அடங்கிய மரப்பெட்டி பழைய முறையைச் சேர்ந்தது. சிறு கிண்ணங்களில் வண்ணம் நிரப்பிய தகரப்பெட்டி அதற்குப் பிந்தியது.

இனி, நிறங்களுக்கு வருவோம். 1814இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் தயாரிக்கத் தொடங்கிய மரகதப் பச்சையில் தாமிரத்துடன் ஆர்சனிக் உண்டு. குரோம் மஞ்சளில் ஈயமும், வெர்மிலியன் சிவப்பில் பாதரசமும் உள்ளன. கண்ணால் பார்த்து எது நஞ்சு என்று உறுதிசெய்ய முடியாது. ஆகவே பழைய பெட்டியின் எல்லா வண்ணங்களையும் நஞ்சாகவே கருத வேண்டும்.

சேகரிக்க விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்: வண்ணத்தைச் சுரண்டாதீர்கள், தூளை ஊதாதீர்கள். தொட்டபின் சோப்பால் கை கழுவுங்கள். வகுப்பில் கண்ணாடி மூடியிட்டு மட்டும் காட்டுங்கள். தீட்டுவதற்குப் புதிய வண்ணங்களைக் கொடுங்கள். தூரிகை முனையை ஈரத்துணியில் உருட்டிக் கூராக்கப் பழக்குங்கள்.

“விஷம்னா அப்புறம் ஏன் சார் வித்தாங்க?” என்று அந்த மாணவி கேட்டாள். அவ்வளவு பளிச்சென்ற பச்சை அன்று வேறு எதிலும் எளிதில் கிடைக்கவில்லை என்றேன். தனிமங்களும் சேர்மங்களும் பாடத்தை இப்போது அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். பெட்டி கண்ணாடிக்குள் இருக்கிறது.