இரண்டாம் அணியின் கதை

கல்லூரிக் கால்பந்துக் குழுவில் இரண்டாண்டுகளாக நான் ‘ரிசர்வ்’. அதாவது, பந்தயத்தன்று பனியனும் பூட்சும் அணிந்து கோட்டுக்கு வெளியே பெஞ்சில் அமர்ந்திருப்பவன். இடைவேளையில் எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுப்பவன். “எந்த மேட்சில்டா ஆடினாய்?” என்று விடுதி நண்பர்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அந்த மனக்குறைதான் ரிசர்வ் அணிகளின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தூண்டியது.

பெரிய கிளப்புகளுக்கு இரண்டாம் அணி எதற்கு? காயம் ஆறி வருபவர் மீண்டும் கால் பழக ஓர் ஆட்டம் வேண்டும். பதினெட்டு வயது இளைஞனைப் பெரியவர்களோடு மோதவிட்டுப் பார்க்கவும் வேண்டும். இங்கிலாந்தில் இத்தகைய அணிகளுக்கென்றே 1911இல் சென்ட்ரல் லீக் தொடங்கியது. ஸ்பெயினில் வழக்கம் வேறு. அங்கே இரண்டாம் அணி மற்றக் கிளப்புகளின் முதல் அணிகளோடு லீக்கிலேயே ஆடும். ஆனால் தாய் அணி இருக்கும் பிரிவுக்கு மட்டும் ஏறக்கூடாது!

மாட்ரிட் நகரில் பிளஸ் உல்ட்ரா என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனி ஊழியர்கள் 1930இல் அமைத்த குழு, பின்னர் ரியல் மாட்ரிட் கிளப்போடு இணைந்து, 1972இல் ‘காஸ்டில்லா’ என்னும் இரண்டாம் அணியாயிற்று. 1980இல் ஸ்பெயின் கோப்பைப் போட்டியில் இந்த இளைஞர்கள் முதல் பிரிவு அணிகள் நான்கை வீழ்த்தி இறுதியாட்டத்துக்கு வந்தார்கள். எதிரே நின்றது யார்? அவர்களுடைய சொந்த முதல் அணி! ஜூன் 4 அன்று, அதே கிளப்பின் மைதானத்தில், 6–1 என்று தோற்றார்கள். தம்பியை அண்ணன் சற்றே விட்டுக்கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி.

தோற்றாலும் பலன் கிடைத்தது. முதல் அணி லீக் வெற்றியாளர் என்ற முறையில் வேறு போட்டிக்குப் போனதால், ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர் போட்டியில் காஸ்டில்லா இடம்பெற்றது. லண்டனின் வெஸ்ட் ஹாம் அணியை மாட்ரிட்டில் 3–1 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் நடந்த ரகளையால், லண்டனில் மறு ஆட்டம் ரசிகர்களை அனுமதிக்காமலே நடந்தது. கூடுதல் நேரம் வரை போராடி 5–1 என்று காஸ்டில்லா வெளியேறியது. 1990–91 முதல் இரண்டாம் அணிகளுக்கு ஸ்பெயின் கோப்பையில் இடமே இல்லாமற் போயிற்று.

1983–84இல் காஸ்டில்லா இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்றது. விதிப்படி மேலே போக முடியவில்லை. அணி போகவில்லை, ஆட்டக்காரர்கள் போனார்கள். அவர்களில் ஒருவர் புத்ராகேனோ. 1984 பிப்ரவரியில் காடிஸ் நகரில் ரியல் மாட்ரிட் இரண்டு கோல் பின்தங்கியிருந்தபோது, பெஞ்சிலிருந்து எழுந்து போய் இரண்டு கோல் போட்டார். முடிவு 3–2 வெற்றி. முதல் அணிக்கு அவர் ஆடிய முதல் லீக் ஆட்டம் அது.

இதை விடுதியில் உற்சாகமாகச் சொன்னேன். நண்பன் ஒருவன் கேட்டான்: “அன்றைக்கு எலுமிச்சம்பழம் நறுக்கியது யாராம்?”